தள்ளுற ஹோஸும் இழுக்கிற எஞ்சினும்

இனி இந்த ஜீப்பில் என்னைத் தவிர வேறு எவரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை தீர்மானம் நிறைவேற்றினேன். ஏகமனதான தீர்மானம். நிறைவேற்றும்போது கொட்டிலுக்குள் நான் மட்டும்தான் நின்றேன்.

நான் நதானியேல். கரவெட்டி. முப்பத்தொரு வருடம் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பொன்மலர் குடும்பநல உத்தியோகத்தர். ஊர்ச்சனத்துக்கு அவள் ‘மிஸ்ஸி’. வியாழக்கிழமைகளில் கிழக்குக் கரையோரம், மணலுக்குள் கிடக்கும் ஒரு கிராமத்தில் அவளுக்குக் கிளினிக். பிள்ளைகளை நிறுக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குப் பிறஷர் பார்க்க வேண்டும். அவளுடைய ஸ்கூட்டர் அந்த மணலில் அரைச் சில்லு புதைந்துவிடும். ஆகவே என் ஜீப். பழைய டீசல் ஜீப். எனக்கும் அதற்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. காலையில் ஸ்டார்ட் எடுக்க இரண்டு பேருக்கும் நேரம் எடுக்கும்.

போன வியாழன் அது நடு மணலில் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பொன்மலர் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சம் ஒன்றரை மைல் நடந்தாள். நான் ஜீப்புக்குக் காவல் இருந்தேன். யாராவது திருடிக்கொண்டு போய்விட்டால்? “எப்பிடிக் கொண்டு போவினம்?” என்று கேட்டுவிட்டுத்தான் நடந்தாள். 

தீர்மானத்தை அவளுக்கு அறிவித்தேன்.

“மெக்கானிக் ஆரையும் கூப்பிடட்டோ?” என்றாள்.

“ஏன், நான் என்ன செத்தே போனன்?”

“உங்களுக்கு எஞ்சினைப் பற்றி என்னப்பா தெரியும்?”

“டீசல் எரியக் காத்து வேணும். கறுப்புப் புகை எண்டால் காத்துக் காணாது. புத்தகத்திலை வாசிச்சனான்.”

“அப்ப சரி. வியாழன் ஜீப் மணலைத் தாண்டாட்டித் திறப்பு என்ரை கைக்கு வரவேணும். ஆளைப் பிடிச்சுத் திருத்தி நானே ஓடுறன்.”

சாவியையே கேட்டது நெஞ்சில் தைத்தது. அவள் லைசென்ஸை முதல் தரமே எடுத்தவள். நான் எத்தனையாம் தரம் எடுத்தேன் என்பது இங்கே தேவையில்லை.

“தாண்டினால்?”

“நீங்கள்தான் டிரைவர்.”

“எந்த நாளும் நான்தான்!”

“எந்த நாளுமோ?”

“எந்த நாளும்.”

“நான் எங்கை போனாலுமோ?”

“நீ எங்கை போனாலும்!”

வேலிக்கு மேலால் தலையை நீட்டிய பக்கத்து வீட்டு அருளம்பலம் அண்ணையைக் கூப்பிட்டு, “அண்ணை, கேட்டுக்கொண்டியளெல்லே?” என்றாள். “கேட்டனான், கேட்டனான்” என்றார் அவர். எனக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷம்.

வேலையில் இறங்கினேன். பொனட்டுக்குக் கீழே ஒரு தகரப் பானை. அதுதான் எயர் கிளீனர். அதன் அடிக் கிண்ணத்தில் எண்ணெய் நிற்கும். உள்ளே வரும் காற்று எண்ணெயில் மோதி, தூசியை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு தடித்த ஹோஸ் வழியாக எஞ்சினுக்குப் போகும். நான் கழற்றிப் பார்த்தபோது கிண்ணத்தில் எண்ணெய் இல்லை. வயல் இருந்தது. நெல் விதைத்திருக்கலாம். சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கோடு மட்டத்துக்குப் புது எண்ணெய் விட்டேன். ஹோஸ் வெடித்துக் கிடந்தது. புத்தூருக்குப் போய், தோட்டச் சாமான் விற்கும் கடையில் அதே பருமனில் நீல ஹோஸ் ஒன்று வாங்கி வந்து, கிளிப் போட்டு இறுக்கினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். பூனைக்குட்டி மாதிரி உறுமியது. புகையே இல்லை. அருளம்பலம் அண்ணை கைதட்டினார்.

பொன்மலர் வந்து பார்த்தாள். “உந்த ஹோஸ் எங்கை வாங்கினனீங்கள்?”

“உன்ரை புத்தூரிலைதான். நல்ல சாமான்.”

“ம்” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய் பின்னேரம் இரண்டு பேருமாக மணல் பக்கம் ஓடிப் பார்த்தோம். தார் ரோட்டில் மெல்லப் போகும்வரை ராஜா. மணலில் இறக்கி அக்சிலரேட்டரை அமத்தினேன். குபுகுபுவென்று கறுப்புப் புகை. இழுவை இல்லை.

பொன்மலர் இறங்கிப் பொனட்டைத் திறந்தாள். “அமத்துங்கோ... விடுங்கோ... திரும்ப அமத்துங்கோ.” குனிந்து பார்த்தாள். “இதுக்கு முட்டு வருத்தம், ஆஸ்மா மாதிரி. சும்மா நிக்கேக்கை மூச்சு வருது. ஓடேக்கைதான் இழுக்குது.”

“முட்டு மனுசருக்கு. எஞ்சினுக்கு இருக்கிறது மூட்டு!” என்றேன்.

என் பகிடிக்குச் சிரித்தாள். பொனட்டை மூடினாள். பாவம், அவளுக்கு என்ன விளங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் காலை, பென்சன் அலுவல் என்று சொல்லிவிட்டு, ஜீப்பை யாழ்ப்பாணத்துக்கு விட்டேன். ஹலீமின் கராஜ். சுகாதாரப் பகுதி வாகனங்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். அவர் பொனட்டைத் திறந்து, என்னை அமத்தச் சொல்லி, “சேர், இறங்கி வந்து பாருங்கோ” என்றார். தன் ஆள் ஒருவரை அமத்த விட்டார்.

பார்த்தேன். எஞ்சின் உறுமியதும் நீல ஹோஸ் சப்பையாகி, பழந்தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. காலை எடுத்ததும் திரும்ப உப்பியது.

“இது தண்ணியைத் தள்ளுற ஹோஸ் சேர். உள்ளுக்கிருந்து தள்ளினால் விறைச்சு நிக்கும். எஞ்சின் தள்ளாது, உறிஞ்சும். உறிஞ்சினால் ஒட்டிப்போம். பிறகு காத்து எங்காலை போறது?”

உள்ளே கம்பிச்சுருள் வைத்த கறுப்பு ஹோஸ் ஒன்று மேசையில் அளவாக வெட்டிக் கிடந்தது. எடுத்துப் பூட்டினார். அச்சொட்டாகப் பொருந்தியது. எப்படி அது ஆயத்தமாகக் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. கர்த்தர் கிருபை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, பொனட்டைத் திறந்து வைத்து, பொன்மலருக்கு ஒரு பாடவேளை முழுக்கப் படிப்பித்தேன். தள்ளல் என்றால் என்ன, உறிஞ்சல் என்றால் என்ன. அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். “அப்பிடியோ! நீங்களே கண்டுபிடிச்சனீங்களோ?”

“பின்னை?”

வியாழன் ஜீப் மணலில் பறந்தது. கிளினிக்குக்கு வந்த தாய்மாருக்கும் உறிஞ்சல் பற்றி ஒரு சிறு விளக்கம் கொடுத்தேன். பொன்மலர் தராசுக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது அவளுடைய போன் அடித்தது. மடியில் வைத்தபடி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மிஸ்ஸி, ஹலீம் கதைக்கிறன். செவ்வாய் பின்னேரம் நீங்கள் சொன்ன அளவுக்குத்தான் வெட்டினனான். மணலிலை இழுத்ததோ?”

“நல்லா இழுத்தது. சேர்தான் ஓடுறார்.”

கியரைக் குறைத்து ஜீப்பை மெல்ல விட்டேன்.

“அப்ப உனக்கு முதலே தெரியும்?”

“புத்தூர்த் தோட்டக்காரன்ரை மகளுக்குத் தள்ளுற ஹோஸும் இழுக்கிற ஹோஸும் தெரியாதே? நீங்கள் ஹலீமிட்டைத்தான் போவியள் எண்டும் தெரியும்.”

“பிறகேன் விட்டுத் தந்தனி? திறப்பு உனக்கெல்லே வந்திருக்கும்!”

“திறப்பு வந்தால் நானெல்லே ஓடவேணும். அந்த ஸ்டேரிங்கைக் கை உளையப் பிடிச்சுப்போட்டு வந்து பச்சைப் பிள்ளையளைத் தூக்கேலுமே? எனக்குத் தேவை திறப்பில்லை, டிரைவர்.”

கைப்பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தாள். மணலுக்குள் இன்னும் மூன்று கிராமங்கள். திங்கள், செவ்வாய், புதன். வாகனமும் டிரைவரும் உண்டு என்று அவள் எழுதிக் கொடுத்து, சுகாதாரக் கந்தோரும் சம்மதித்திருந்தது. போன மாதம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கிளினிக்குக்காக மூன்று மைல் நடந்து, வெயிலில் மயங்கி விழுந்தாளாம். “அவளுக்கு நான் வாக்குக் குடுத்தனான்” என்றாள்.

என் பகல் நித்திரை, பேப்பர், அருளம்பலம் அண்ணையோடு சீட்டு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் மணலில் புதைந்தன. கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. முப்பத்தொரு வருடம் எத்தனை ராஜதந்திரிகளைப் படிப்பித்திருக்கிறேன்! ஒருவரும் இவளுக்குக் கிட்ட நிற்கமாட்டார்கள். கண் எடுக்காமல் அவளையே பார்த்தேன்.

“முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ, டிரைவர்” என்றாள்.