நெழலு சாரும் மூன்றாம் நாளும்

திருவண்ணாமலையில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு சாமியார் மேல்தான் விழ வேண்டும் என்பார்கள். அத்தனை பேர் வேதாந்தத்தையும் ஒரு தட்டில் வைத்து, எங்கள் நெழலு சாரை மறு தட்டில் வைத்தால் சார் பக்கம்தான் தாழும்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் பதிவறை அவர் ராஜ்ஜியம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பைபிளில் முன்னால் நடந்ததெல்லாம் பின்னால் இயேசுவுக்கு நடக்கப்போவதன் நிழல் என்பது அவர் கட்சி.

"ஈசாக்கு தன்னப் பலி குடுக்கப்போற வெறக தானே தூக்கினு மலை ஏறுனான். பின்னாடி இயேசு சிலுவையத் தூக்கினு போனாரு. அது நெழலு, இது நெஜம். புரியுதா?"

புரிகிறது என்றால் அடுத்த கதை வரும். புரியவில்லை என்றால் அதே கதை மறுபடி வரும். இரண்டுக்கும் பயந்து நாங்கள் டீக்கடையை மாற்றினோம். அங்கேயும் வந்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூருக்கு மாற்றலாகி அழுதுகொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாவையும் விடவில்லை. "யோசேப்ப அண்ணனுங்களே குழியில தள்ளுனாங்க, அப்புறம் பெரிய அதிகாரி ஆவலியா? இயேசுவையும் கூட இருந்தவனே காட்டிக் குடுத்தான், எழுந்து வரலியா?"

"சார், கீழ்பென்னாத்தூர் எங்க அம்மா ஊரு சார். மாமியாரும் கூடவே வர்றாங்களாம், அதான் அழுவுறேன்!"

ஒரு நாள் பெரிய அதிகாரி லிஃப்டில் மாட்டிக்கொண்டார். நெழலு சார் கதவிடுக்கில் வாயை வைத்து, "ஐயா, யோனா மூணு நாள் மீன் வயித்துல கெடந்தான். இயேசு மூணாம் நாள் கல்லறையில இருந்து எழுந்தாரு. உங்களுக்கு ரெண்டு மணி நேரந்தான்!" என்றார். உள்ளேயிருந்து வந்த பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது.

போன ஆவணியில் அவருடைய ஒரே மகன் சாமுவேல் பைக்கோடு டிராக்டரில் மோதினான். தலையில் அடி. நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான்.

"மூணு நாள்பா சேகர். யோனா மாதிரி உள்ள இருக்கான். மூணாம் நாள் கண்ணத் தொறப்பான், நீ பாரு" என்று என்னிடம் சொன்னார் சார். சட்டையில் மகனின் ரத்தம் காய்ந்திருந்தது. டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சார் சொன்ன உறுதியில் நானே நம்பிவிட்டேன். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவன் நான். அண்ணாமலையாரே, அந்த மனுஷர் வாக்கைக் காப்பாத்து என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். என்னைப்போல ஒரு முட்டாள் இந்த ஊரில் உண்டா?

விடிகாலையிலேயே பையன் போய்விட்டான் என்று வாசலில் செக்யூரிட்டி சொன்னார். சார் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பார்த்துவிட்டார்.

"ஸ்வீட்டா? எம் பேச்சக் கேட்டா வாங்கினு வந்த?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேற கதை ஏதாவது இருக்கும் சார். இது நெழலுதான், நெஜம் பின்னாடி வரும் சார்" என்று உளறினேன்.

தலையை ஆட்டினார். "இல்லப்பா. இது எதுக்கும் நெழலு இல்ல. இது எம் புள்ள."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.