வாலில் வாசல் வைத்த வீடு

எங்கள் வீதி யாக் அண்ணனைப்போல ஒரு விமானத்தைக் காதலித்த மனிதர் கோயமுத்தூரில் மட்டுமல்ல, அதைச் செய்த நாட்டிலேயே இருந்திருக்க மாட்டார். அவருடைய சொந்தப் பெயர் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நூற்பாலை மெஷின் பொருத்தும் வேலையாக இளவயதில் உஸ்பெகிஸ்தான் போயிருந்தார். அங்கே ஊருக்கு ஊர் அவரைச் சுமந்தது யாக்-40 என்கிற சோவியத் காலத்துக் குட்டி ஜெட். ஆள் திரும்பி வந்துவிட்டார். மனசு அதிலேயே தங்கிவிட்டது.

வால்பக்கம் மூன்று இன்ஜின், ஒன்று மக்கர் செய்தாலும் மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும். இறக்கை சாய்வில்லாமல் நேராக நீண்டிருக்கும், அதனால் மெதுவாக வந்து புல்தரையில்கூட இறங்கிவிடும். இதையெல்லாம் கேட்காமல் எங்கள் முக்கு டீக்கடையில் யாரும் டீ குடித்ததில்லை. அது எண்ணெயை ரொம்பக் குடிக்குமாமே என்று ஒருநாள் வாய்விட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எதைவிடவும் அவர் உருகியது அதன் படிக்காகத்தான். யாக்-40க்குப் பயணிகள் ஏறும் வழி வாலுக்கு அடியில். இறங்கியதும் தானே படியைக் கீழே விடும். ஏன் அதில் அவ்வளவு பிரியம் என்று கேட்டதற்கு ஒருமுறை சொன்னார்: “அந்தப் பக்கம் சின்னச் சின்ன ஊருங்க. ஏணி இருக்காது, ஆளும் இருக்காது. பெரிய பிளேனெல்லாம் அந்த ஊருகளத் திரும்பிப் பார்க்காதுங்க. இது மட்டும் சேத்துல எறங்கி, படிய எறக்கி உட்டு நிக்கும்.” அன்றைக்கு நான் கிண்டல் செய்யவில்லை.

அந்தப் பிரியத்தில்தான் சொந்த வீடு கட்டியபோது வாசலைப் பின்பக்கம் வைத்தார். மேஸ்திரி கெஞ்சினார், வாஸ்து பார்ப்பவர் பாதியிலேயே எழுந்து போனார். வீதியைப் பார்த்து வெறும் சுவர்தான். அவர் மனைவி அந்தச் சுவருக்கு முன்னால் தினமும் கோலம் போட்டார்; முட்டிக்கொள்ளவும் தாராளமாக இடமிருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மகள் சுகன்யாவைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். சுகன்யாவும் அந்தப் பையனும் ஒரே கம்பெனியில் வேலை செய்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், இனி பெரியவர்கள் பேசவேண்டியதுதான் பாக்கி. பூத்தட்டோடு வந்தவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். யாக் அண்ணன் சிரித்த முகமாகச் சந்து வழியே பின்னால் அழைத்தார். பையனின் அம்மா நகரவில்லை.

“ஏனுங்க, சம்பந்தம் பேச வந்தவிங்களப் பொடக்காளி வழியாவா கூப்பிடுவீங்க? எங்கள அவ்வளவுதான் நெனச்சீங்களா?”

கொல்லைப்புறமாக நல்ல காரியத்துக்கு நுழைவதாவது? யாக் அண்ணன் விமானத்தின் அமைப்பை விளக்க ஆரம்பித்தார். விளக்கம் இறக்கை வரை வருவதற்குள் கார் திரும்பிவிட்டது.

வீதியே வேடிக்கை பார்த்தது, நான் உட்பட. சுகன்யா அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஏனுங்கப்பா, வந்தவிங்க ஏறட்டும்னுதானுங்களே அந்தப் படி?”

மறுநாள் காலை டமால் டமால் என்று சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஸ்திரிக்குக்கூடக் காத்திராமல், சுவரை அவரே இடித்துக்கொண்டிருந்தார். பிறகு தனியாகக் காங்கேயம் பஸ் ஏறினார். அங்கே என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவே இல்லை. விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று பையனின் அம்மா பின்னால் சொல்லித் தெரிந்தது.

நிச்சயதார்த்தத்தன்று புது வாசலில் சிமென்ட் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. அந்த அம்மா நிலைப்படியில் கால் வைத்தபோது யாக் அண்ணன் கைகூப்பி நின்றார். யாக்-40க்கு முன்னால் வாசல் கிடையாதே என்று நான் அவர் காதைக் கடித்தேன்.

“சரக்கு ஏத்தற மாடல் ஒண்ணு இருக்குதுங்க கண்ணு. அதுக்கு முன்னால பெரிய கதவு உண்டு.”

அப்படி ஒரு மாடல் உண்மையிலேயே இருந்ததா என்று நான் இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை. மகளுக்காக அதை ஒரு நொடியில் இட்டுக்கட்டியிருந்தாலும் எனக்கு அந்த மனிதரை அதே அளவு பிடிக்கும்.