இரண்டு குடலிறக்கமும் ஒரு திராட்சையும்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய வேலையில்லை. அக்கா தினமும் போனில் அழுதே சொல்லிவிடுகிறாள்.

என் தையல் மெஷினை நாம் இருவரும் மாடிக்குத் தூக்கிய அன்று, ஏழாவது படியில் எனக்கும் எட்டாவது படியில் உங்களுக்கும் குடல் இறங்கியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ரோபோ மெஷினை வைத்துத்தான் ஆபரேஷனாம். நீங்கள் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, "மெஷின் கையில கத்தியக் குடுத்துட்டு நான் மல்லாந்து படுக்கணுமா? போய்யா!" என்கிறீர்கள். குடல் சிக்கி நெரிந்துபோனால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டரம்மா. அப்போது பெல்ட் வந்து காப்பாற்றாது.

நானும் முதலில் முறுக்கிக்கொண்டுதான் நின்றேன். அந்த ரோபோவுக்கு நாலு கை. பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்துக் கைநீளம் அளக்கப் போனேன். நர்ஸ் என்னை வெளியே தள்ளப் பார்த்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ரோபோவின் கைக்கடியில் ஒரு திராட்சையை வைத்துவிட்டு, மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்து விரலை அசைத்தார். இங்கே ரோபோ திராட்சையின் தோலைக் கீறி, திரும்பத் தைத்தே விட்டது! நாற்பது வருஷம் ஊசி பிடித்தவன் சும்மா இருப்பேனா? நானும் ஒன்றை எடுத்துத் தைத்தேன். அது பிதுங்கி அந்த அம்மாவின் வெள்ளைக் கோட்டில் போய் விழுந்தது. அவமானம்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ரோபோ போட்ட மாதிரி ஒரு தையலை என் ஆயுளில் நான் போட்டதில்லை.

அந்த ரோபோவுக்குள் செயற்கை நுண்ணறிவு வேறு. ஆயிரக்கணக்கான ஆபரேஷன் படங்களைப் பார்த்துப் படித்ததாம். நாங்கள் துணியில் சாக்பீஸால் கோடு போடுகிற மாதிரி, நரம்புக்கு மஞ்சள், ரத்தக்குழாய்க்குச் சிவப்பு என்று வெட்டும் முன்பே திரையில் அடையாளம் காட்டிவிடுகிறது.

"அப்ப வெட்டுறது அதுவா, நீங்களா?" என்றேன் டாக்டரம்மாவிடம்.

"அது காட்டும். வெட்டுறது நான்தான். தப்பாக் காட்டுதுன்னு பட்டா கேக்கவே மாட்டேன்."

எனக்கு மெஷினையும் பிடித்துப்போனது, அந்த அம்மாவையும் பிடித்துப்போனது.

ஆபரேஷன் அமோகம்! கிழிசலுக்கு உள்பக்கம் வலைத்துணி வைத்து, ஓரம் மடங்காமல், சுருக்கம் விழாமல் தைத்து முடித்த அழகைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது. வயிற்றில் சட்டைக் காஜா அளவுக்கு மூன்றே துளை. வலி எறும்புக்கடி. மறுநாளே எழுந்து நடந்தேன். வீம்பை விடுங்கள், மச்சான்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் வயிற்றுக்கு என் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்

பி.கு.: இதைப் படித்த என் மனைவி, "மயக்க ஊசி போட்டுக் கெடந்தவரு தையல எப்படிங்க பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். மாட்டிக்கொண்டேன். ஆபரேஷன் வருகிற திங்கட்கிழமைதான். டாக்டரம்மா பேச்சு வரைக்கும் நிஜம். மீதி, உங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று எழுதியது. உங்களுக்கு வந்ததோ இல்லையோ, எழுதிய எனக்கு வரவில்லை. மெஷின் மேல் நம்பிக்கை இருக்கிறது, டாக்டரம்மா மேல் இருக்கிறது. தனியாகப் படுக்கத்தான் பயமாக இருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வந்து படுங்களேன், மச்சான்.