மஞ்சள் குளித்த புத்தகம்

“இனிமேல் இந்த வீட்டில் நோட்ஸ் என்கிற பேச்சே எடுக்கக் கூடாது!” என்று ரூபேந்திரன் அறிவித்தான்.

அறிவித்த இடம் சாப்பாட்டு மேசை. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, மனைவி பிரவீனா. இன்னொன்று, மீன் குழம்பு. குழம்பாவது மரியாதையாக இருந்தது. பிரவீனா சிரித்துவிட்டாள்.

சங்கதி இதுதான். ரூபேந்திரனுக்கு வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் பெக்கான் நானாசில், வேலை அந்தப் பக்கம் சிங்கப்பூரில். கோழி கூவுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறினால், கோழி அடைந்த பிறகுதான் வீடு. அந்தப் பிழைப்பிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருந்தது. பகுதி நேரக் கல்லூரியில் வேலையிடப் பாதுகாப்பு டிப்ளோமா. எல்லாம் முடிந்து ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. அந்த ஒன்றில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாகிவிட்டது. மறுபடியும் கவ்வினால் கல்லூரி பேரை அடித்துவிடும். பாஸ் பண்ணினாலோ, ஊருக்குள்ளேயே ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை.

இரண்டு தடவையும் தோற்றதற்கு பிரவீனா சொன்ன காரணம், அவன் நோட்ஸ் எடுக்கவில்லை என்பது. ரூபேந்திரன் சொன்ன காரணம், போதுமான அளவு மஞ்சள் பேனா வாங்கவில்லை என்பது.

அவன் படிக்கும் முறை அப்படி. முக்கியமான வரிக்கு மஞ்சள் பூசுவான். எது முக்கியம் என்று சந்தேகம் வந்தால் அதற்கும் பூசுவான். சந்தேகம் அவனுக்கு வரிக்கு வரி வரும். கடைசியில் அச்சகத்தின் விலாசத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

பிரவீனா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, புத்தகம் வயசுக்கு வந்துருச்சா? மஞ்ச நீராட்டு வச்சிருக்கீங்க?”

“உனக்கென்ன லா தெரியும்? இதெல்லாம் டெக்னிக்.”

“இந்தப் பக்கத்துல என்ன சொல்லியிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.”

“அதான் மஞ்சளா இருக்குல்ல, பாத்துக்க.”

“பரீட்ச ஹாலுக்குள்ள புத்தகத்தயா தூக்கிட்டுப் போவீங்க? ஒரு பகுதிய படிங்க, புத்தகத்த மூடுங்க, உங்க சொந்தப் பேச்சுல நாலு வரி எழுதுங்க. அவ்வளவுதான்.”

“பொண்டாட்டி சொல்லி நான் நோட்ஸ் எடுக்கணுமா? தலையே போனாலும் மாட்டேன்!”

“சரி, எடுக்காதீங்க. நான் எடுக்குறேன். நானும் இதே புத்தகத்த படிக்கிறேன். ஞாயித்துக்கிழம பக்கத்து வீட்டு தோமஸ் அங்கிள் சர்ச்சுக்குப் போயிட்டு வந்ததும் ரெண்டு பேரையும் கேள்வி கேக்கட்டும். நான் ஜெயிச்சா?”

“நீ ஜெயிச்சா என் மீசைய வழிச்சிடறேன்!”

வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது. மீசைதான் அன்றைக்கு ராத்திரி முழுக்க நடுங்கியது.

மறுநாளே பிரவீனா படிப்பில் இறங்கிவிட்டாள். சோறு வேகிற நேரத்தில் அடுப்பங்கரை மேடையில் புத்தகத்தை விரிப்பாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் விறுவிறுவென்று எழுதுவாள். ரூபேந்திரன் எட்டிப் பார்த்தால் மடித்து அரிசி டின்னுக்குக் கீழே செருகிவிடுவாள். பிறகு கூரையைப் பார்த்து உதட்டை அசைப்பாள். மனப்பாடம் பண்ணுகிறாளாம்!

‘அலமாக்! இவ நெசமாவே ஜெயிச்சிடுவா போலிருக்கே!’

வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் கோயிலுக்குக் கிளம்பினாள். செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியது. ரூபேந்திரன் அரிசி டின்னைத் தூக்கினான். நோட்ஸ் எடுக்க மாட்டேன் என்றுதானே சபதம்? நோட்ஸைப் போட்டோ எடுக்க மாட்டேன் என்று எவன் சொன்னான்? தாள் தாளாக ஃபோனில் பிடித்துக்கொண்டு டின்னை இருந்தபடியே வைத்தான்.

அப்புறம் உட்கார்ந்து படித்தான். பகீரென்றது. எல்லாம் கேள்வி!

‘ஹசார்ட் என்றால் என்ன? அதற்கும் ரிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்? விபத்தை ஏன் விசாரிக்க வேண்டும்? யார் விசாரிக்க வேண்டும்?’ கேள்விக்குப் பின்னால் கேள்வி, தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சு மாதிரி. பதில் ஒன்றுகூட இல்லை.

‘கெட்டிக்காரி! பதிலையெல்லாம் மண்டைக்குள்ள வச்சிக்கிட்டு கேள்விய மட்டும் எழுதியிருக்கா. இருக்கட்டும். பதில் இருக்கிற புத்தகம் என்கிட்டதானே இருக்கு!’

ரோஷம் வந்தால் மனிதன் மலையைக் கூடப் பெயர்ப்பான். ஒவ்வொரு கேள்வியாக எடுத்தான். மஞ்சள் காட்டுக்குள் பதிலைத் தேடினான். பிடித்ததும் புத்தகத்தை மூடினான். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். மறந்தால் மறுபடி தேடினான். மறுநாள் வேலைக்குப் போகையில் சிங்கப்பூர்ப் பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தான். பக்கத்து வண்டிக்காரர், பாவம், ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிறு வந்தது. பக்கத்து வீட்டுத் தோமஸ், பென்ஷன் வாங்கிய லாரி டிரைவர், சர்ச் சட்டையோடு வந்து நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்ததும் கண்ணைக் கசக்கினார்.

“என்னா தம்பி, புத்தகத்துக்கு மஞ்சக்காமாலையா?”

“நீங்க கேளுங்க அங்கிள்!”

“ஹசார்டுக்கும் ரிஸ்க்குக்கும் என்னா வித்தியாசம்? மொதல்ல பிரவீனா.”

“தெரியல அங்கிள்.”

ரூபேந்திரன் துள்ளி எழுந்தான். “அடுப்புல கொதிக்கிற எண்ண ஹசார்ட். அது எம்மேல தெறிக்க எவ்வளவு வாய்ப்பு, தெறிச்சா எவ்வளவு சேதாரம்ங்கிற கணக்குதான் ரிஸ்க். இவ கோவமா வட சுடும்போது ரிஸ்க் ஜாஸ்தி!”

“பொண்டாட்டி பேரு புத்தகத்துல இல்ல. இருந்தாலும் சரி! அடுத்தது, விபத்த ஏன் விசாரிக்கணும்?”

“தெரியல அங்கிள்.”

“மறுபடி நடக்காம தடுக்க! ஆளப் புடிச்சித் திட்டறதுக்கு இல்ல!”

கடைசிக் கேள்வி வரைக்கும் அப்படியே போனது. மீசை பிழைத்தது. ரூபேந்திரன் அதை முறுக்கி விட்டுக்கொண்டான். பிரவீனா முகத்தில் தோற்றவளுக்குரிய வாட்டமே இல்லை. அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும் என்று அவன் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டான்.

பரீட்சையும் வந்தது, போனது. பாஸ்! சொன்னபடி வேலையும் கிடைத்தது. சூப்பர்வைசர் ரூபேந்திரன் முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில்கூட இறங்கவில்லை. வெற்றி மயக்கத்தில் உண்மையை உடைத்துவிட்டான்.

“ஒன்னு சொல்லவா? ஒன்னோட நோட்ஸ போட்டோ எடுத்துத்தான் ஒன்ன ஜெயிச்சேன். எப்படி என் மூள?”

“தெரியுமே. எடுக்கணும்னுதான டின்னுக்கு அடியில வச்சேன்.”

“அப்ப… பதிலையெல்லாம் மனசுலதான வச்சிருந்த?”

“ஏது பதில்? நான் எங்க படிச்சேன்? தலைப்புக்குப் பின்னால ஒரு ‘என்ன’, ஒரு ‘ஏன்’ போட்டேன். கேள்வி ஆயிருச்சி. பதில நீங்க தேடிக்கிட்டீங்க. அதுக்குப் பேருதாங்க நோட்ஸ்.”

ரூபேந்திரன் நாற்காலியில் சாய்ந்தான். சபதம் போயிற்று. ஆனாலும் மனசு குளிர்ந்தது. பாலத்தில் வெயிலிலும் மழையிலும் அவன் பட்ட பாட்டைப் பார்த்து எவ்வளவு வேதனைப்பட்டிருப்பாள்!

“எனக்காகவா இத்தனையும்? நான் சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னா?”

“ஆமாங்க. அதுக்குத்தான்,” என்று பிரவீனா அன்பொழுகச் சொல்லி, முறத்தை அவன் மடியில் வைத்தாள். “இனிமே பாலத்துல ஜாம்னு சொல்ல முடியாது. வெங்காயத்த உரிங்க.”