பிள்ளையாருக்கு முன்னால் ஒரு லாரி

"பிள்ளையாரு எங்கீங்க போனாரு?" என்று கேட்டார் தங்கசாமி.

நகரமைப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த முருகானந்தம் மேசையின் நடுவைக் காட்டினான். நெடுஞ்சாலையை ஒட்டிய கடைவீதியை இடித்துப் புதிதாக அமைக்கும் திட்டம், அதே வீதியின் சமுதாயக் கூடத்து மேசைமேல் தெர்மாகோலில் நின்றது. அகலமான தெரு, இரு பக்கமும் நடைபாதை, பஞ்சில் செய்த மரங்கள், நடுவில் பூங்கா. பிள்ளையார் பூங்காவுக்குள் இருந்தார்.

"அங்க லாரி எப்படிங்க போகும்?"

"கோயிலுக்கு எதுக்குங்க லாரி?"

தங்கசாமி பின்னால் நின்ற வணிகர்களைத் திரும்பிப் பார்த்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். வணிகர் சங்கத் தலைவர். அந்த ஊர்ப் பட்டறைகளில் பாடி கட்டி முடித்த எந்த லாரியும் அந்தப் பிள்ளையார் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஊரைவிட்டுப் போனதில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த முருகானந்தத்துக்கு அது யாரும் சொல்லாத விஷயம்.

வணிகர்கள் சம்மதித்தால்தான் திட்டம் மேலே போகும். ஏற்கெனவே இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். இன்றும் மறுத்தால் அவனுக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மனைவி தனப்பிரியாவுக்கு இந்த ஊர்ப் பள்ளியில் வேலை.

"நீங்க போங்க. நானும் வாரேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க" என்று காலையில் தோசையைத் திருப்பிக்கொண்டே அவள் சொல்லியிருந்தாள்.

முருகானந்தம் பிளேடை எடுத்தான். பிள்ளையாரைப் பெயர்த்துத் தெருவோரத்தில் ஒட்டினான். லாரி நிற்க இடம் வேண்டியிருந்தது. பூங்காவில் பாதி போயிற்று. வெட்டியெடுத்த துண்டில் ஒரு லாரி செய்து பிள்ளையாருக்கு முன்னால் வைத்தான்.

"இப்பச் சரிங்களா?"

"லாரி நின்னா டிரைவரு சாப்பிடோணுமில்ல?" என்றாள் இட்லிக்கடை குஞ்சம்மாள். "என்ற கடை எங்க சாமி?"

"மாடியிலங்க அக்கா. எல்லாச் சாப்பாட்டுக் கடையும் ஒரே இடத்துல. மின்விசிறி, கை கழுவற இடம், எல்லாம் இருக்கு."

"மாடியில உக்காந்தா வண்டி கண்ணுல படுமா?"

"படாதுங்க."

"வண்டி கண்ணுல படலீன்னா அவனுக்கு இட்லி எறங்காது சாமி."

குஞ்சம்மாளின் கடை மாடியிலிருந்து நடைபாதைக்கு இறங்கியது. மரத்தடியில் அடுப்பு எரிந்தால் இலை கருகிவிடும் என்று ஒருவர் சொன்னார். மரங்களைப் பிடுங்கினான்.

தங்கசாமி இப்போது தன் பட்டறையைத் தேடிக்கொண்டிருந்தார். அது பின்பக்கம், சுவருக்குள் இருந்தது.

"பட்டறைன்னா முன்னால நாலு லாரி ஆக்சில் கெடக்கோணும் சார்."

"உள்ள அடுக்கி வைக்கலாமேங்க?"

"உள்ள வெச்சா அது பட்டறைன்னு யாருக்குத் தெரியும்?"

"பேர்ப்பலகை வைப்போம்."

"பலகைய நம்பி எவனுங்க ஆக்சில் குடுப்பான்?"

கருகிய தீக்குச்சிகளை ஆக்சிலாக்கி எதிர் நடைபாதையில் பரப்பினான். பசை காய்வதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்ததால் அவன் நிமிரவே இல்லை. பஸ் நிறுத்தம் ஆக்சிலுக்கடியில் போய்விட்டது என்பதையும் குஞ்சம்மாள்தான் கவனித்தாள்.

"அப்ப பஸ் எங்கங்க நிக்கும்?" என்று கேட்டான் முருகானந்தம்.

"நடுரோட்டுல நிக்கட்டும்" என்றார் தங்கசாமி. "ஆளுக ஓடிப்போய் ஏறிக்குவாங்க."

"ஓட முடியாதவங்க?"

"அவுங்க ஊட்டுல இருக்கட்டும். இந்த வெயில்ல எங்க போறாங்க?"

தெர்மாகோல் பஸ் நடுத்தெருவில் ஒட்டப்பட்டது. பூங்காவின் மிச்சத்தில் பூக்கடைகள் வந்தன.

தங்கசாமி மேசையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது மனசுக்கு ஒப்புதுங்க" என்றார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. முருகானந்தம் விரலில் ஒட்டிய பசையை உரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தான். ராமநாதபுரம் சற்றுத் தள்ளிப் போனது போலிருந்தது.

நகரமைப்பு அதிகாரி இலக்கியா கைபேசியில் பேசியபடியே உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் சம்மதமா? ஒருத்தர்கூட மறுக்கலையா?"

"மறுக்க என்னங்க இருக்குது?" என்றார் தங்கசாமி. "சார் எங்க மனசுல இருக்கறத அப்படியே எடுத்து வெச்சுட்டாரு."

இலக்கியா குனிந்து நாலாபக்கமும் படம் எடுத்தார். "இவ்வளவு இயல்பா ஒரு திட்டத்த நான் பார்த்ததில்ல, முருகானந்தம். மாற்றல் பேச்சு இனி கிடையாது. இன்னைக்கே மேல அனுப்பிடறேன்." வாசல் பக்கம் திரும்பினார். "பெரியசாமி, ஜீப்ப எடுங்க."

வாசலில் நின்ற டிரைவர் பெரியசாமி தலையைச் சொறிந்தார். "இப்ப எடுக்க முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

பெரியசாமி மேசைக்கு வந்தார். கொஞ்சநேரம் பார்த்தார். சாவிக்கொத்தைத் தெர்மாகோல் லாரிக்குப் பின்னால் வைத்தார்.

"நம்ம ஜீப்பு இந்தா, இங்க நிக்குதுங்க. இந்தப் பக்கம் ஆக்சில் கெடக்குது, அந்தப் பக்கம் அக்கா அடுப்பு, பின்னால இந்த பஸ்ஸு. முன்னால இந்த லாரிக்குப் பூசை முடிஞ்சாத்தான் மேடம் நாம கெளம்ப முடியும்."