பொம்மைக்குப் பதில் மாமியார்

பட்டறை தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது பொம்மை உயிரை விட்டது.

அது சாதாரணப் பொம்மை அல்ல. மூச்சு விடும், கண்ணை இமைக்கும், வலிக்கிறது என்று முனகும், மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும். மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் படுத்துக்கொண்டு, புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களுக்காகத் தினமும் மாரடைப்பு வந்து, தினமும் பிழைத்துக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் பிழைக்கவில்லை. ரிப்பேர் பார்ப்பவர் அதன் மார்பைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நிற்கும் உறவினரிடம் பேசும் டாக்டரைப் போலத் தலையை ஆட்டினார்.

"நாளைக்குத்தான் சார் ஏதாவது சொல்ல முடியும்."

உறவினர் ஸ்தானத்தில் நின்றவரை அந்த மருத்துவமனையில் எல்லாரும் அலசல் சார் என்பார்கள். பொய் நோயாளியை வைத்து மெய்யான வைத்தியம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். காட்சி முடிந்ததும் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, எங்கே சரியாகச் செய்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்று யார் மனதும் நோகாமல் பேசவைப்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அலசல். அதிலிருந்து அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "ஊரையெல்லாம் அலசுறார், வீட்டுல ஒரு துணியை அலசினது கிடையாது" என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அன்று வரப்போகிறவர்கள் மாணவர்கள் அல்ல. வேறு வேறு மருத்துவமனைகளில் இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்கள். போதாததற்கு இயக்குநர் அம்மையார் வேறு வந்து உட்காரப் போகிறார். நன்றாக நடந்தால் வருஷா வருஷம் இந்தப் பட்டறையை நடத்தும் பொறுப்பு சாருக்குக் கிடைக்கும். சொதப்பினால் பொம்மையைத் துடைத்து வைக்கும் பொறுப்பு. அம்மையார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சாருக்கு அப்படித் தோன்றியது.

பொம்மை இல்லாவிட்டால் மனிதர். நோயாளியாக நடிப்பதற்கென்றே வழக்கமாக வரும் ஓர் அம்மா உண்டு. போன் போட்டார். மகன் எடுத்தான். அம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றான். சார் பழக்கதோஷத்தில் "எந்தக் காட்சிக்கு?" என்று கேட்டுவிட்டார். மகன் போனை வைத்துவிட்டான்.

அடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முடியவே முடியாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரோ மெதுவாகப் பேசுவது கேட்டது. அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா வரேங்கிறாங்க. சும்மா படுத்துக்கிட்டுப் பேசணும், அவ்வளவுதானே?" என்றாள்.

மாமியாரும் மாமனாரும் சாரின் வீட்டோடு வந்து தங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை என்று மாமியார் கேட்பார், ஆச்சு அத்தை என்று இவர் சொல்வார். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. அல்லது போதுமானதாக இருப்பதாக சார் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு, துணைக்கு மாமனாரையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார். நோயாளிக்கு இவ்வளவு மடிப்பு ஆகாது என்று புடவையை மாற்றி ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்தார்கள். சார் கட்டிலருகே நின்று அவசர அவசரமாகக் காட்சியை விளக்கினார். நோயாளிக்கு மூச்சுத் திணறல். மகள் வீட்டோடு இருக்கிறார். கொஞ்ச நாளாக மாத்திரை சாப்பிடவில்லை. ஏன் என்று எளிதில் சொல்லமாட்டார். இதமாகக் கேட்டால்தான் மனதைத் திறப்பார். அதை வெளியே கொண்டுவருவதுதான் வந்திருப்பவர்களுக்குப் பரீட்சை.

"மகள் வீட்டுல இருக்கிற அம்மா," என்று மாமியார் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அந்த மாதிரி ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. நீங்க போங்க."

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இங்கிருந்து பார்த்தால் அறை தெரியும். அங்கிருந்து பார்த்தால் இவர்கள் தெரியமாட்டார்கள். கடைசி நாற்காலியில் மாமனார் அடக்கமாக உட்கார்ந்துகொண்டார். சார் ஒலிவாங்கிக்கு முன் நின்று, பட்டறையின் தொடக்கத்தில் கற்றுக்கொடுத்ததை இன்னொரு முறை நினைவுபடுத்தினார். யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. நான் பார்த்தது இது, எனக்குத் தோன்றுவது இது, உங்கள் மனதில் என்ன ஓடியது. இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். எதிராளி நழுவப் பார்த்தால் விடக் கூடாது.

உள்ளே போனவர்கள் இரண்டு பேர். தாலாட்டும் அதட்டலும் கலந்த குரலுடைய மூத்த செவிலியர் ஆசிரியை ஒருவர். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிய இளம் டாக்டர் ஒருவர். மாமியார் பிரமாதமாக மூச்சிரைத்தார். சாரே ஒரு கணம் பயந்துபோனார். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று செவிலியர் கேட்டார்.

"தீர்ந்துபோச்சும்மா. வாங்கிட்டு வரச் சொல்லணும். மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வந்ததும் பேப்பரை முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிறார். எது கேட்டாலும் அதுக்குப் பின்னாலேருந்து 'உம்'ங்கிறார். சரின்னு சொல்றாரா வேண்டாம்னு சொல்றாரான்னு எனக்கு இதுவரைக்கும் தெரியல."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. சார் சிரிக்கவில்லை. அவருக்குப் பேப்பர் வாங்கும் பழக்கமே கிடையாது. ஆனால் செல்போன் உண்டு. அத்தனை பேர் நடுவில் மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அத்தை செல்போனைப் பேப்பராக்கிவிட்டார் என்று அவருக்குப் புரிந்தது. அந்தப் பெருந்தன்மை செல்போனைவிட அதிகமாகக் குத்தியது.

பேச்சைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். செவிலியரின் காதில் மாட்டியிருந்த கருவிக்கு மட்டும் கேட்கும்படி, குடும்பத்தை விட்டுவிட்டு மூச்சைப் பற்றிக் கேளுங்கள் என்று கிசுகிசுத்தார். அவரும் கேட்டார்.

"எப்போம்மா மூச்சு ரொம்பத் திணறுது?"

"மாப்பிள்ளை செருப்புச் சத்தம் கேட்டா."

இந்த முறை இயக்குநர் அம்மையாரே சிரித்துவிட்டார்.

தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சார் அடுத்த உத்தரவு போட்டார். தூக்கத்தில் குடும்பம் எங்கே வரப்போகிறது என்று எண்ணினார். மாப்பிள்ளை விடும் குறட்டையில் பக்கத்து அறையில் கண்ணை மூட முடிகிறதா என்று ஆரம்பித்தார் மாமியார். சார் தன் குறட்டையைக் கேட்டதில்லை. ஆனால் தன் குறட்டையை யார்தான் கேட்டிருக்கிறார்கள்? அதோடு நிற்கவில்லை. ஜன்னல் கொக்கி கழன்று ராத்திரி முழுக்கக் காற்றில் அடித்துக்கொள்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றாராம் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போய்க்கொண்டிருக்கின்றனவாம். சாரின் வீட்டில் ஜன்னல்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. குளியலறைக் குழாய்தான் மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அதற்கும் அவர் சொல்லியிருந்தார்.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிய மனைவி மாப்பிள்ளை வீட்டில் படும் பாடு பாவம் மனிதருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்று நினைத்து சார் கூனிக் குறுகிப்போனார்.

இனி ஒரே வழிதான். சார் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். பெரிய டாக்டராக உள்ளே நுழைந்து, நோயாளியைப் பார்த்துவிட்டு, வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லிக் காட்சியை முடித்துவிடுவது என்று திட்டம். கதவைத் திறந்தார். கட்டிலில் இருந்த மாமியார், வீட்டில் தினமும் சொல்வதுபோல, "வாங்க மாப்பிள்ளை" என்றார்.

செவிலியருக்கும் இளம் டாக்டருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஆசிரியர் தாமே வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். இளம் டாக்டர் ஓடிப்போய் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். செவிலியர் சாரின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

காட்சி முடிந்துவிட்டது என்றார் சார். எதிராளி நழுவப் பார்த்தால் விடக் கூடாது என்ற பாடத்தைச் செவிலியர் நன்றாகப் படித்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார் சார். இளம் டாக்டர் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நான் பார்த்தது இது," என்று செவிலியர் ஆரம்பித்தார். "இந்தம்மா மாத்திரை தீர்ந்துபோனதைக்கூட உங்ககிட்ட சொல்லத் தயங்குறாங்க. எனக்குத் தோணுறது, உங்க மேல கோபம் இல்ல, கூச்சம். இவங்க பேசும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் சார் கேட்டிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணாடிச் சுவர் அவர் ஞாபகத்திலிருந்து போய்விட்டது. கட்டிலில் ஆஸ்பத்திரி அங்கியில், முடி கொஞ்சம் கலைந்து, மாமியார் சின்னதாகத் தெரிந்தார். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அவர் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் சாருக்கு உறைத்தது.

"அத்தை, ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் உட்காரவச்சு மனசுல என்ன ஓடுச்சுன்னு கேக்குறேன். உங்களை ஒரு நாளும் கேட்டதில்ல. வந்ததும் தலையைக் குனிஞ்சுக்குறேன். 'உம்'ங்கிறேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

மாமியார் மூச்சிரைப்பதை மறந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சார் நிறுத்தவில்லை. இனிமேல் வீட்டுக்கு வந்ததும் அவரோடு உட்கார்ந்து பேசப்போவதாகச் சொன்னார். மாத்திரை தீர்வதற்கு முன்பே வாங்கி வைப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே ஆள் கூட்டிவந்து ரிப்பேர் பார்ப்பதாகச் சொன்னார். என்ன ரிப்பேர் என்று மட்டும் சொல்லவில்லை. குறட்டைக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்.

மாமியாரின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் கையை நீட்டி சாரின் கன்னத்தை ஒரு தடவை தொட்டார். பிறகு செவிலியர் பக்கம் திரும்பி, "எனக்கு மூச்சு சரியாயிடுச்சும்மா" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. இயக்குநர் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு தத்ரூபமான காட்சியைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். எல்லாரையும்விட சார் நடித்ததுதான் உச்சம் என்றார். வருஷா வருஷம் பட்டறை உண்டு, அதை சார்தான் நடத்த வேண்டும், நோயாளியாக இந்த அம்மாதான் வர வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். பொம்மையைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

மாமியார் புடவை மாற்றப் போனபோது சார் நடைபாதைக்கு வந்தார். அங்கே பெஞ்சில் மாமனார் தனியாக உட்கார்ந்திருந்தார். சார் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பதவி கிடைத்த சந்தோஷத்தைவிட மனதில் வேறு ஏதோ லேசாகியிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நான் இவ்வளவு மோசமான மாப்பிள்ளைன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது மாமா. அத்தை மனசுல இத்தனையும் வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

மாமனார் நிமிர்ந்து, புடவை மாற்றும் அறையின் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல மாப்பிள்ளை, அதெல்லாம் என் மாமியார் என்னைப் பத்திச் சொன்னது."