எறும்புச் சட்டைக்காரன் ஆந்தைக் கவுண்ட்டருக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு ('அன்புள்ள' என்பது கடித மரியாதைக்காக எழுதியது, வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்),

நான் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. கோல்ஃப் மைதானத்துக் கடைக்கூடத்தில், என் கவுண்ட்டருக்கு நேர் எதிரே, இருபத்திரண்டு அடி தூரத்தில் நீ நிற்கிறாய். நேற்று மூன்று முறை தும்மினாய் என்பது வரை எனக்குத் தெரியும். இருந்தாலும் தபால்தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன். நான்கு வருடமாகப் பேசாத ஆளிடம் கடிதத்தைக் கையில் கொடுத்தால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும்.

முதலில் பழைய விஷயம். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. அப்போது நாம் இருவரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே கவுண்ட்டரில், நெஞ்சில் எறும்புச் சின்னம் போட்ட சட்டையோடு மட்டையும் பந்தும் விற்றோம். சின்னம் என்று தெரியாமல் வாடிக்கையாளர்கள் நம் நெஞ்சில் தட்டிவிட வருவார்கள். ஒருவர் நசுக்கவே பார்த்தார். அந்தத் திங்கட்கிழமை காலை உன் சட்டையையும் சேர்த்து இஸ்திரி போட்டு, நாற்காலியில் மாட்டிவிட்டு, நான் முன்னால் வந்தேன். பத்து மணிக்கு நீ எதிர்க் கவுண்ட்டரில் போட்டிக் கம்பெனியின் ஆந்தைச் சட்டையோடு நிற்கிறாய். "சொல்லலாம்னுதான் இருந்தேண்ணா" என்றாய். எப்போது? இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் மின்சாரமாவது மிச்சமாகியிருக்கும்.

அன்றிலிருந்து உன் கம்பெனியும் என் கம்பெனியும் போட்ட கூத்தை என்னவென்று சொல்வது. நீங்கள் மூன்று நிறத்தில் கையுறை வைத்தீர்கள், நாங்கள் ஐந்து நிறத்தில் வைத்தோம். மனிதனுக்கு இரண்டே கைதான் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. புது மட்டையால் அடித்தால் பந்து பத்து கஜம் கூடப் போகும் என்று நான் பலகை வைத்தேன், மறுநாளே நீ பன்னிரண்டு என்று எழுதினாய், நான் பதினைந்தாக்கினேன். வருடா வருடம் நாம் எழுதியதெல்லாம் உண்மையாக இருந்தால், இங்கே அடிக்கிற பந்து இந்நேரம் ரயில் நிலையத்தில் போய் விழ வேண்டும். வாரம் தவறாமல் வருகிற முட்டி டாக்டர் இரண்டு பக்கமும் மட்டையை வாங்கி வாங்கி வீசிப் பார்த்துவிட்டு, "அண்ணனுது கொஞ்சம் கனம், தம்பியுது கொஞ்சம் லேசு" என்று நம் குணத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எதையும் வாங்காமல் போவார்.

இனி அந்த ஷூ. எங்கள் கம்பெனி ஷூ முன்னால் அழகு, பின்னால் அரம். போட்ட மூன்றாம் நாள் குதிகாலில் தோல் இல்லை. எனவே இரண்டு வருடமாக நான் உங்கள் ஆந்தை ஷூவைத்தான் போடுகிறேன். நகரத்தின் மறுகோடிக் கடையில் வாங்கி, பக்கவாட்டில் இருக்கும் ஆந்தையின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வேன். போட்டிக் கம்பெனிப் பொருளை அணிந்து மைதானத்தில் நின்றால் அன்றே வேலை போகும் என்று எங்கள் நியமன உத்தரவிலேயே இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? கம்பெனி கொடுத்த ஜோடி கவுண்ட்டருக்கு அடியில் பெட்டியிலேயே தூங்கியது. இது உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது.

போன வாரம் உறுப்பினர்கள் இரண்டு கம்பெனி மட்டைகளையும் அடித்துப் பார்க்கும் நாள். எங்கள் மேலாளர் சாரும் வந்திருந்தார், உங்கள் மேலாளர் மேடமும் வந்திருந்தார். புல்லெல்லாம் ஈரம். நான் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நாற்பதடி நடப்பதற்குள் டேப் நனைந்து சுருண்டு, ஆந்தை இரண்டு கண்ணையும் திறந்து எல்லாரையும் பார்த்துவிட்டது. முட்டி டாக்டர் சும்மா இருப்பாரா? "என்னப்பா, எறும்பு ஆந்தை மேல சவாரி போகுது!" என்று மைதானமே கேட்கச் சொன்னார். எங்கள் சார் திரும்பினார்.

அப்போது நீ எங்கிருந்து வந்தாய்? "சார், அது என் ஷூ. உடுப்பறையில மாறிப்போச்சு. அவரோடது இதோ, நான் போட்டிருக்கேன்." குனிந்து பார்த்தால் உன் காலில் எறும்பு! என் பெட்டியில் தூங்கிய அதே ஜோடி. டேப் சுருள ஆரம்பித்ததை எனக்கு முன்னாலேயே நீ பார்த்து, ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். அதாவது, தினமும் காலையில் நான் குனிந்து டேப் ஒட்டுவதை இரண்டு வருடமாக எதிரே நின்று பார்த்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நான் மன்னிப்பேன் என்று நினைக்காதே.

அன்று சாயந்திரம் வரை, மாற்றிக்கொள்ள நேரமில்லாமல், உங்கள் மேடத்தின் கண் எதிரே, அந்த அரத்தைப் போட்டுக்கொண்டு நொண்டினாய். மறுநாள் செருப்போடு வந்தாய். கொப்புளத்தைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்.

உங்கள் கம்பெனியிலும் அதே சட்டம்தான், ஆனால் எறும்பு ஷூவோடு நின்றதற்கு உன் வேலையைப் பறிக்கவில்லை. ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி ஒரு மைதானத்துக்கு மாற்றல் கொடுத்திருக்கிறது. ஒன்றாம் தேதி கிளம்புகிறாயாம். உன் மகள் பள்ளி மாற வேண்டுமாம். துப்புரவு அம்மா சொல்லித்தான் தெரியும். இப்போதாவது மேடத்திடம் போய் ஷூ அண்ணனுடையது என்று சொல்லித் தொலை. சொல்ல மாட்டாய். சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். நானும் சொல்லப்போவதில்லை, எனக்கு என் வேலை முக்கியம். நான் உனக்கு எந்த நன்றிக்கடனும் படவில்லை. வழியனுப்ப வர மாட்டேன். எதிர்க் கவுண்ட்டரில் வேறு எவன் நின்றாலும் எனக்கு ஒன்றுதான். அவன் தும்மினால் நான் எண்ணப்போவதில்லை, அவ்வளவுதான்.

குழந்தைக்குப் பெரியப்பாவின் ஆசிகள். அவள் அம்மாவை விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அண்ணன்

பின்குறிப்பு (உறையைப் பிரித்து எழுதியது): கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குப் போனேன். போகிற வழியில் உங்கள் மேடத்தின் அலுவலகம் இருந்து தொலைத்தது. ஏறிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ரெண்டு வருஷமா எங்க ஷூவையா போட்டிருந்தீங்க?" என்றார். "மூணு ஜோடி மேடம்." "யாராவது தள்ளுபடி குடுத்தாங்களா?" "முழு விலை." அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "எங்க ஆளுங்களே முழு விலைக்கு வாங்கறதில்லீங்க" என்று சொல்லி, உன் மாற்றல் உத்தரவை இரண்டாகக் கிழித்தார். அதே சூட்டில் எங்கள் சாரிடமும் போய்ச் சொன்னேன். எறும்பைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார், வைத்துவிட்டு பனியனோடு திரும்ப மேடத்திடமே வந்தேன். இப்போது என்னிடம் ஓர் ஆந்தைச் சட்டை இருக்கிறது. தபால்தலை வீண், கடிதத்தைக் கையிலேயே தருகிறேன், சட்டையையும் சேர்த்து. மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருக்கிறது. திங்கட்கிழமை காலை உன்னுடையதோடு சேர்த்து இதற்கும் இஸ்திரி போட்டு வை. முன்னால் கிளம்பிவிடாதே, நான் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.